மூன்றாவது விசில்

போன வருஷம் இதே சபையில் ஒரு சாட்சி சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மீதியை இன்று சொல்கிறேன்.

ஜூலையில், ஜோகுபாளையத்தில் எங்கள் தெரு முனை டீக்கடையில் சிலிண்டர் வெடித்தது. டீயை வாங்கி நாலடி நகர்ந்திருந்த எனக்குக் கீறல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமையே எழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கெல்லாம் அழைத்தார்கள். நாலடி இரண்டடியானது. பேச்சாளனாக வளர்ந்துகொண்டிருந்தேன்.

சொல்லாதது இது. சட்டையில் தீயோடு ஓடிவந்த டீ மாஸ்டர் என் பக்கம் கையை நீட்டினார். நான் நகரவில்லை. வேறு யாரோ ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள்.

ஒவ்வொரு சாட்சிக்குப் பிறகும் அந்தக் கை வந்தது. தூக்கம் போனது. வீட்டில் குக்கர் விசிலடித்தால், ஐம்பத்திரண்டு வயதில், சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருப்பேன். ஸ்பூன் விழுந்துவிட்டது என்பேன். எங்கள் வீட்டில் அவ்வளவு ஸ்பூன் கிடையாது.

மனைவி மெர்சி ஒன்றும் கேட்காமல் குக்கரைப் பரணில் ஏற்றினாள். ஏழு மாதம் பானையில் சோறு வடித்தாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். சாட்சி சொன்னவன் மனநல மருத்துவரிடம் போனால் கர்த்தருக்கல்லவா அவமானம் என்றேன். அவருடைய மானத்தை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை பானை நழுவி, கொதிக்கும் கஞ்சி அவள் கையில் கொட்டியது. கையை என் பக்கம் நீட்டினாள். மறுபடியும் நான் நகரவில்லை. அவளே போய்க் குழாயைத் திறந்துகொண்டாள். தண்ணீரில் கையை வைத்தபடி சொன்னாள்:

"நீங்க உங்க பயத்தை எடுக்கச் சொல்லி ஜெபம் பண்றீங்க. நான் உங்க வீம்பை எடுக்கச் சொல்லிப் பண்றேன். யார் ஜெபம் முதல்ல கேக்கப்படுதுன்னு பாக்கலாம்."

அவளுடையதுதான் கேட்கப்பட்டது. மறுநாளே மனநல மருத்துவரிடம் போனோம்.

"இது விசுவாசக் குறைவு இல்ல சார், காயம். உங்க உடம்பு இன்னும் அந்தக் கடை வாசல்லயே நிக்குது" என்றார் அந்த டாக்டரம்மா. மாத்திரை கொஞ்சம், வாரம் ஒருநாள் பேச்சு. அங்கே நாலடியை நாலடியாகவே சொன்னேன். கையையும் சொன்னேன்.

சில மாதம் கழித்து, குணமாகி வந்திருந்த டீ மாஸ்டரைப் பார்க்கப் போனேன். மன்னிப்பை மனப்பாடம் செய்திருந்தேன். அவர் கேட்டார்:

"அன்னிக்கு நீங்களும் அங்க இருந்தீங்களா சார்? எனக்கு யாரும் கண்ணுக்குத் தெரியல."

ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன்.

இப்போது குக்கர் பரணிலிருந்து இறங்கிவிட்டது. முதல் விசிலுக்கு உடம்பு இன்னும் குலுங்குகிறது. மூன்றாவதற்கு நானே எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறேன். ஆண்டவருக்கு நன்றி, மெர்சிக்கும்.

உங்களில் யாராவது மேசைக்கு அடியில் ஸ்பூன் தேடிக்கொண்டிருந்தால், நம்பி ஜெபியுங்கள். கூடவே, வீட்டில் இருப்பவர் உங்களுக்காக என்ன ஜெபிக்கிறார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.