பம்பரை அழுத்திப் பார்த்தவர்

மரக்காணத்தில் உப்புக் கூடையுடன் ரோட்டைக் கடந்த என் மனைவியை ஒரு கார் இடித்துவிட்டது. ஓட்டிவந்தவர் ஒல்லியான மனிதர், நரைத்த குறுந்தாடி. ஓடிவந்து அவளை ஒரு கையால் தாங்கிக்கொண்டார். மறு கை மட்டும் காரின் முன்பக்க பம்பரை அழுத்தி அழுத்திப் பார்த்தது. எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஏம்பா, மனுஷி விழுந்து கெடக்கிறா. உனக்கு வண்டிதான் பெருசா?"

"இந்த பம்பரை டிசைன் பண்ணதுல நானும் ஒருத்தனுங்க. இடியை இதுவே வாங்கிக்கணும், காலுக்குப் போகக் கூடாதுன்னு உள்ள நுரை வெச்சோம். பொம்மைக் கால் மேல எத்தனையோ தடவ மோதிப் பாத்தோம். ஒரு தடவகூட அந்தக் கால் உடையலங்க."

என் மனைவியின் முழங்கால் உடைந்திருந்தது.

அதன்பின் அவர் கார் ஓட்டவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில்தான் தினமும் வந்தார். ஒருநாள் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார்.

"அந்த நேரத்துல எப்படிம்மா நின்னீங்க?"

"தலையில கூடை சார். கனத்துல கால் அழுந்திக் கெடந்துச்சு. நகர முடியல."

"எங்க பொம்மைக்குத் தலையில சுமையே இல்லம்மா" என்றவர், கூடையின் எடையைக் கேட்டு ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. இவள் கோலூன்றி உப்பளத்துக்குத் திரும்பிவிட்டாள்.

"அந்த சார் திரும்ப வேலைக்குப் போயிருப்பாரா?" என்று அவ்வப்போது கேட்கிறாள். போயிருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.