சகலையின் சைக்கிளில் ஒரு சத்தம்

என் சகலையின் புது சைக்கிள் கிறீச்சிட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பெட்டாலிங் ஜெயாவில் ஏர்கோன் அறையில் உத்தியோகம், சுபாங் ஜெயாவில் வீடு. நானோ மேருவில் ஒரு தொழிற்சாலையில் லோரிகளுக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். கிள்ளானில் மாமியார் வீட்டில் குழாய் ஒழுகினால் கூப்பிடுவது என்னை, பெருமையாகப் பேசுவது அவனைப் பற்றி. வயிறு எரியுமா, எரியாதா?

ஒன்றில் மட்டும் நான் அவனுக்கு மேலே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் கிளம்புவேன், அவன் சுபாங்கில் சேர்ந்துகொள்வான். ஹைவே ஓரத்து மோட்டார் சைக்கிள் பாதையிலேயே மிதித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய்த் தோசை சாப்பிட்டுத் திரும்புவோம். ஏற்றம் வந்தால் அவன் தன் பழைய இரும்பு சைக்கிளோடு நாக்குத் தள்ளிக்கொண்டு பின்னால் வருவான். நான் மேலே நின்று தண்ணீர் குடித்தபடி அதைப் பார்ப்பேன். வாரத்தில் அந்த ஒரு காலைதான் எனக்கென்று இருந்தது.

அதையும் பிடுங்க வந்தது அவன் புதிதாக வாங்கிய கார்பன் சைக்கிள். ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். முதல் ஞாயிறே ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போய் மேலே நின்றுகொண்டு, “மெதுவா வாங்கண்ணே, அவசரமில்ல லா” என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

ஆயுத பூஜைக்கு மாமியார் வீட்டு வாசலில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்திப் பூஜை போட்டோம். அதற்கு அடுத்த வாரமே அவன் சைக்கிளில் சத்தம் ஆரம்பித்தது. எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் ஹேண்டில் பக்கமிருந்து கிறீச், கிறீச். நேராக என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“கடைக்கெல்லாம் போகலண்ணே. நீங்க பாத்தா போதும்.”

வாசல் போர்ச்சில் வைத்துப் பார்த்தேன். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஹேண்டில் கம்பி சட்டத்துக்குள் இறங்கும் கழுத்தில் ஆட்டம் இல்லை. அப்படியென்றால் எதுவும் லூஸ் இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினேன். வெண்ணெய் மாதிரித் திரும்பியது. பேரிங்கும் நன்றாக இருக்கிறது. பிரேக்கை விடாமல் ஹேண்டிலில் என் பாரத்தைப் போட்டு இழுத்தேன். கிறீச்! பாரம் விழுந்தால் மட்டும் சத்தம் என்றால், இரண்டு பாகங்களுக்கு நடுவே ஏதோ உட்கார்ந்து அரைபடுகிறது.

போல்ட்டைத் தளர்த்திக் கழுத்து மூடியைத் தூக்கினேன். உள்ளே சுற்றிலும் காய்ந்து பொருக்குத் தட்டிய சந்தனம்! எல்லாம் என் மனைவியின் கைவேலை. என் சைக்கிளுக்குக் கடமைக்கு ஒரு பொட்டு வைத்தவள், அவனுடையதற்குக் கழுத்தைச் சுற்றிக் குழைத்துப் பூசி மேலே மஞ்சள் தண்ணீரும் ஊற்றியிருக்கிறாள். புதுசாம்! ஈரத்துணியால் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளே அவன் ஏதோ சொல்ல, என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. நான் பேசினால் அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று! மூடியை அப்படியே மூடி, போல்ட்டை முறுக்கினேன்.

“தம்பி, கழுத்துல விரிசல் விட்டிருக்கு. ஓட்டாத. இறக்கத்துல ரெண்டா போயிடும்” என்றேன்.

என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவன் பழைய சைக்கிளில் என் பின்னால் மூச்சிரைக்க வந்தான். நான் மேலே நின்று தண்ணீர் குடித்தேன். என் மனைவியோ கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “எங்க வீட்டுக்காரர் பாக்காம விட்டிருந்தா என் தங்கச்சி கதி என்ன ஆயிருக்கும்?” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாமியார் விருந்துக்குக் கூப்பிட்டு, அதுவரை அவன் தட்டுக்கே போய்க்கொண்டிருந்த மீன் தலையை என் தட்டில் வைத்தார். “உயிரக் காப்பாத்திக் குடுத்தீங்க மாப்ள” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மீன் தலையைத் தொடாமலே எழுந்தேன். கையைக் கழுவிக்கொண்டு அவனைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“தம்பி, அந்தச் சைக்கிள்ல விரிசல் எதுவும் இல்ல. வெறும் சந்தனம். நான்தான் பொய் சொன்னேன்.”

“தெரியும்ணே. மறுநாளே கடையில காமிச்சேன். தொடைச்சுக் குடுத்துட்டாங்க.”

“அடப்பாவி! பின்ன ஏன்யா ஓட்டல?”

அவன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். “ஓட்டினா விரிசல் என்னாச்சுன்னு வீட்ல கேப்பாங்கள்ல? அக்கா எல்லார்கிட்டயும் உங்களப் பத்தி அவ்ளோ பெருமையா சொல்லிக்கிட்டிருக்காங்க. அதப் போய் எப்படிண்ணே கெடுக்கிறது? நமக்குள்ளயே இருக்கட்டும். அக்காவுக்குத் தெரிய வேணாம்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சட்டையைப் பிடித்திருந்தாலும் நின்றிருப்பேன். இப்படி என்னைக் காப்பாற்றி நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை, வீடு, சைக்கிள் எல்லாவற்றிலும் முந்தியது போதாதென்று இதிலுமா?

விறுவிறுவென்று உள்ளே போய், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசை முன்னால் நின்று, சந்தனத்திலிருந்து பொய் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். என் மனைவி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மனசாட்சி உறுத்தி நான் சொன்னேன் என்றுதான் அங்கிருந்தவர்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அவன் ஒருவன் மட்டும் நல்லவனாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.