பொட்டு வைத்த சிடி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் குடியிருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் அப்பா, அம்மா, நான். கூடவே அம்மாவின் தம்பி, அதாவது மாமா. மாமாவோடு, மூடிப்போன ஒரு விளம்பரக் கம்பெனியிலிருந்து அவர் தூக்கிவந்த பழைய மெஷின். அது ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் ரகம் இல்லை. கல்யாணக் கார்டு அடிக்க மாமா சென்னையிலிருந்து வரவழைத்த தமிழ் எழுத்து சிடியோ அந்த ஊர் ரகத்தில்தான் ஓடும்; அதுவும் சிடி உள்ளே இருந்தால்தான் எழுத்து வரும். அதனால், ஊர் ரகம் ஒன்று உள்ளே இருப்பதுபோல் நடிக்கும் எமுலேட்டரை மாமா அதில் போட்டிருந்தார்.

"உள்ள இருக்கறவன் நம்ம வாடகைக்காரன் பாப்பா. அவனுக்குன்னு டிஸ்க் கிடையாது. நம்ம டிஸ்க்ல ஒரு பெரிய ஃபைலைக் காட்டி, இதான்டா உன் சி டிரைவுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நம்பிட்டான்."

"பொய்னு தெரிஞ்சா கோவிச்சுக்க மாட்டானா மாமா?"

"தெரியவே தெரியாது லா."

தெரிந்துவிட்டால் என்ன செய்வான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னாளில் ஃபார்ம் த்ரீயோடு படிப்பை நிறுத்தினேனே தவிர, கவலைப்படுவதை நான் எந்த வகுப்பிலும் நிறுத்தியதில்லை.

அப்பாவின் கவலை வேறு. அவர் லோரி கம்பெனியில் கிளார்க். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மாமாவுக்கு ஷிப்ட் வேலை பேசி வைத்திருந்தார். "விஜயதசமி வரைக்கும்தான் பார்ப்பேன். அதுக்குள்ள இந்தப் பெட்டி நாலு காசு கொண்டாரலைன்னா, மறுநாளே கிடங்குக்குக் கிளம்பு" என்று சொல்லிவிட்டார். மாமா அலைந்து திரிந்து, கிள்ளானில் கல்யாணக் கார்டு கடை வைத்திருந்த ஒருவரைப் பிடித்தார். விஜயதசமி காலையில் நேரில் வந்து பார்க்கிறேன், எழுத்து பிடித்தால் வேலை தருகிறேன் என்றார் அவர்.

முதல்நாள் ஆயுத பூஜை. என் பாடப் புத்தகங்கள், தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் சாவி, கீபோர்டு, மௌஸ் என்று எல்லாவற்றையும் அம்மா சாமி முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்தார். சிடிக்கும் வைத்தார். அதன் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. எங்கள் வீட்டில் நிலைக்கண்ணாடிக்குக்கூடப் பொட்டு உண்டு. ஆகவே பளபளப்பான பக்கத்தில் சந்தனம் குழைத்து மூன்று இடத்தில் வட்டமாக வைத்து, அதன்மேல் குங்குமம்.

மறுநாள் காலை அதைக் கையில் எடுத்ததும் மாமாவின் முகம் கோணிப்போனது.

"அக்கா! இந்தப் பக்கத்தைத்தானே அது படிக்கும்!"

"அப்ப நல்லதுதானே? பொட்டைப் பார்த்துட்டே படிக்கட்டும்."

"துடைக்கணும்க்கா."

"நல்ல நாளும் அதுவுமா வெச்ச பொட்டை அழிப்பியா? கைய வெச்சுப் பாரு!"

வாசலில் மணி அடித்தது. கிள்ளான்காரர் வந்துவிட்டார்.

அம்மா அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி போடப் போனார். மாமா மெஷின் முன் உட்கார்ந்து, வாடகைக்காரனைத் தூங்கவைத்துவிட்டு, அவன் வீட்டுச் சாமான் பட்டியலைத் திறந்தார். சி டிரைவ் என்ற இடத்தில் அந்தப் பெரிய ஃபைல். சிடி டிரைவ் என்ற இடத்தில் நிஜமான டிரைவின் பெயர். மாமா அதை எடுத்துவிட்டு, அங்கே வேறொரு ஃபைலைக் காட்டினார்.

"போன வாரமே சிடியை அப்படியே உள்ள காப்பி எடுத்துட்டேன்" என்றார் என் காதில். "இது பொட்டு வைக்காத சிடி. வாடகைக்காரன் இதைத்தான் பார்ப்பான். உங்கம்மா பாட்டுக்கு நிஜத்தைப் போடட்டும்."

அம்மா நிஜத்தை இரண்டு கையாலும் ஏந்திவந்து, சூடம் காட்டி, டிரைவின் தட்டில் வைத்தார். தட்டு உள்ளே போனது. வாடகைக்காரன் மெதுவாகக் கண் விழித்தான். தமிழ் எழுத்து வந்தது. கிள்ளான்காரர் தன் மகள் பெயரை அடிக்கச் சொன்னார். திரையில் அது கொடிபோல் வளைந்து வளைந்து பூத்தது. "அடடா" என்று நாற்காலியை முன்னால் இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து, வாடகைக்காரனைச் சுமந்த நிஜ மெஷின் பொட்டைப் படித்துப் படித்துச் சலித்துப்போய்த் தட்டை வெளியே தள்ளியது. மூன்று பொட்டோடு சிடி சிரித்தது. திரையில் மகளின் பெயர் அசையவே இல்லை.

"சிடி வெளிய வந்துருச்சு. அப்புறம் எப்படித் தம்பி ஓடுது?"

காப்பி என்று சொன்னால் அம்மாவுக்கும் தெரிந்துவிடும்; மாமா மௌஸைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா "தாயே!" என்று கும்பிட்டார்.

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து ஒரு விரலால் தட்டை உள்ளே தள்ளினார்.

"சூடாயிருச்சு அண்ணே. கொஞ்சம் வெளிய வந்து காத்து வாங்கும். எங்க ஆபீஸ் மெஷினும் இப்படித்தான். நீங்க தேத்தண்ணி குடிங்க."

தட்டு மறுபடி வெளியே வரப் பார்த்தது. அப்பா கட்டைவிரலை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, கிள்ளான்காரரிடம் கார்டு, காகிதம், முகூர்த்த மாதம் என்று பேசிக்கொண்டே இருந்தார். அவர் முந்நூறு கார்டுக்கு வேலை சொல்லிவிட்டுப் படியிறங்கும்வரை அப்பா விரலை எடுக்கவில்லை.

அப்பாவின் ஆபீசில் அப்போது டைப்ரைட்டர்தான் இருந்தது. நானே போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனாலும், பாவம், அப்பாவுக்குக் கம்ப்யூட்டரும் தெரியவில்லை, டைப்ரைட்டரும் தெரியவில்லை என்றுதான் அன்று முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.