ஒரு றாத்தல் வல்லாரை

அன்று குசினியில், அடுப்பைச் சுற்றி, அம்மாவும் தங்கச்சியும் பக்கத்து வீட்டுக் கதீஜா மாமியும் நானும் இருந்தோம். தராசு வைத்திருந்த கடைக்காரர்தான் இல்லை. வெள்ளிக்கிழமை, கடை பூட்டிக் கிடந்தது.

சீனன்குடாவில் ஒரு அதிகாரி வீட்டில் அம்மா சமையல் வேலை கேட்டிருந்தார். "மத்தியானம் விருந்து. ஒரு றாத்தல் வல்லாரையில சம்பல் செய்து கொண்டுவாங்கோ, ருசி பாத்துட்டுச் சொல்லுறன்" என்றிருந்தார் அந்த வீட்டுக்காரி.

றாத்தல் என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு; அம்மாவுக்கோ பிடிக்கணக்குத்தான் தெரியும். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். "ஒரு சுண்டு அரிசி அரை றாத்தல். அப்ப ரெண்டு சுண்டு வல்லாரை காணும்" என்றேன், அரிசி அளக்கும் சுண்டுக் குவளையைத் தூக்கிக் காட்டி.

"ஒரு றாத்தல் பஞ்சும் ரெண்டு சுண்டோ அண்ணா?" என்றாள் தங்கச்சி.

எல்லாரும் சிரித்தார்கள். குசினி மூலையிலிருந்த பாணில், கடையில் வாங்கிய முழு ரொட்டியில், என் கண் விழுந்தது. அதையும் ஒரு றாத்தல் என்றுதானே வாங்குகிறோம்! ஒரு தடியின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். இரு முனையிலும் ஒரே மாதிரி ஓலைக்கூடை, ஒன்றில் பாண்.

எங்கள் கிணற்றடி வல்லாரை முழுவதையும் போட்டும் பாண் எழும்பவில்லை. மாமி ஓடிப்போய்த் தன் கிணற்றடிப் பாத்தியையும் அரிந்து வந்தார். கூடை நிரம்பிக் குவிந்தது. கடைசிப் பிடியில் தடி மெல்லச் சமமாக நின்றது. ஒரு பாணுக்கு எதிரே ஒரு பச்சை மலை!

"அல்லாவே, இவ்வளவோ!" என்றார் மாமி.

வதக்கி அரைத்ததும் அந்த மலை ஒரு சின்னச் சட்டிக்குள் அடங்கியது. அதற்கும் ஒரு "அல்லாவே" சொன்னார் மாமி.

அம்மாவுக்கு வேலை கிடைத்தது. இலை விஷயத்தில் நான் இன்றும் அவசரப்பட்டுக் கணக்குச் சொல்வதில்லை. அன்றைய மொத்தச் செலவு: மொட்டையாகிப்போன இரண்டு கிணற்றடி, மிச்சச் சம்பலோடு தின்று தீர்த்த ஒரு றாத்தல் பாண்.