ஆண்டறிக்கைக்குள் ஓர் ஆய்வேடு

நீங்கள் இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதெல்லாம் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது? "கம்ப்யூட்டரில்" என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். எந்தக் கம்ப்யூட்டரில்? யாருடைய பெயரில்? யாருடைய விரல் பட்டால் காணாமல் போகும்? தெரியவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள். படித்தவர்கள் நிறைந்த ஒரு பல்கலைக்கழகத் துறையில் ஒரே ஒருவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. அதற்கும் காரணம் அறிவு அல்ல, பயம்.

அவருக்குத் துறையில் வைத்திருந்த பெயர் 'தற்காலிகம்'. தற்காலிக விரிவுரையாளர் என்பதன் சுருக்கம். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது பார்த்தவர்கள் மாணவி என்று நினைத்தார்கள். இப்போது கண்ணாடி போடாமல் வருகைப் பதிவைப் படிக்க முடியாது. அவருக்குப் பிறகு வந்து சேர்ந்த நிரந்தரங்கள் சிலர் ஓய்வு பெற்று, மாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தற்காலிகம் மட்டும் அங்கேயே இருக்கிறார்.

மறுபிறவி என்று ஒன்று கிடையாது. இதை எங்கே வேண்டுமானாலும் மேசையைத் தட்டிச் சொல்லலாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தற்காலிக ஆசிரியர்களின் ஒப்பந்தம் முடியும். அதோடு அவர்களுடைய நெட்வொர்க் கணக்கும் சாகும். விடுமுறை கழிந்து புது ஒப்பந்தம் வந்ததும் அதே பெயரில் மறுபடி பிறக்கும். முற்பிறவி நினைவு எதுவும் இருக்காது. நிரந்தரமானவர்களுக்கு ஆளுக்கொரு சொந்த டிரைவ் உண்டு. எந்த அறையில் எந்தக் கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லைப் போட்டாலும் அவர்களுடைய கோப்புகள் பின்னாலேயே ஓடிவரும். செத்துச் செத்துப் பிறப்பவர்களுக்கு அது எதற்கு என்று ஒரு சுற்றறிக்கை கேட்டது. கையோடு தேவையில்லை என்று பதிலையும் சொல்லிவிட்டது. தலையெழுத்து என்கிறோமே, அதன் அடியில் யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கும். தேடினால் கிடைக்கும்.

ஆகவே தற்காலிகத்தின் முனைவர் பட்ட ஆய்வேடு பொது டிரைவில் இருந்தது. நடைபாதை வியாபாரிகளைப் பற்றிய ஆய்வு. விரட்டினால் எங்கே போகிறார்கள், எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று கேட்டு, வெயிலிலும் மழையிலும் நின்று பதிவு செய்த குரல்கள் அதில் இருந்தன. மின்னஞ்சலில் அடங்காத பருமன். வீட்டிலிருந்த மடிக்கணினி செத்துப்போய், சாப்பாட்டு மேசையின் குட்டைக் காலுக்கு முட்டாக வாழ்ந்துகொண்டிருந்தது. துறைக் கம்ப்யூட்டர்களிலோ வைரஸ் பயத்தில் பென் டிரைவ் சொருகும் இடத்தை ஒட்டி மூடிவிட்டார்கள். அவற்றுக்குள்ளேயே சேமித்தால் அணைத்தவுடன் எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் பொது டிரைவ்தான்.

பொது டிரைவ் என்பது துறையில் இருக்கும் எல்லோரும் திறக்கலாம், எதையும் வைக்கலாம், எதையும் அழிக்கலாம் என்ற இடம். 'வினாத்தாள் இறுதி', 'இறுதி இறுதி', 'இதுதான் இறுதி', 'முன்னதை நம்பாதீர்கள்' என்று கோப்புகள் அங்கே வரிசை கட்டி நின்றன. துறைத்தலைவர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போனபோது ஒரு நீரூற்றின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்களும் ஏராளமாக இருந்தன. நீரூற்று ஒன்றுதான். சட்டைதான் மாறும். அவருக்குச் சொந்த டிரைவ் இல்லாமல் இல்லை. அது நிரம்பி வழிந்து, மிச்சம் பொதுச் சொத்தாகிவிட்டது.

தற்காலிகம் முதலில் தன் ஃபோல்டருக்கு 'ஆய்வேடு' என்று நேர்மையாகத்தான் பெயர் வைத்தார். உடனே எல்லோருக்கும் ஆர்வம் பொங்கியது. ஒரு பேராசிரியர் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து, அதன் மேலேயே தன் பாடக் குறிப்பை எழுதிச் சேமித்துவிட்டார்.

"உங்க பக்க அமைப்பு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அதான் அதிலேயே எழுதிட்டேன்" என்று பாராட்டு வேறு.

அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதி முடித்ததும் தற்காலிகம் உட்கார்ந்து யோசித்தார். இந்தத் துறையில் எவரும் எந்த நிலையிலும் திறக்காத ஃபோல்டர் எது? விடை உடனே கிடைத்தது: 'ஆண்டறிக்கை – பழைய பிரதிகள்'. ஆய்வேட்டைத் தூக்கி அதற்குள் வைத்தார்.

"ஆண்டறிக்கைய எழுதினவரே ரெண்டாவது தடவ படிக்க மாட்டார். இனிமே கவலையே இல்ல" என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டார்.

அவருடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "சரிதான், சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்ச மாதிரி. ஆனா பஸ்ஸையே கழுவ விட்டுட்டா?" என்றார்.

"முதல்ல உங்க வாயக் கழுவுங்க."

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய மாதம் வந்தது. அந்த மாதம் தவறினால் பதிவு காலாவதி. பதிவு போனால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் நிரந்தர வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. சரியாக அதே மாதம்தான் பொது டிரைவ் நிரம்பிவிட்டதாகக் கணினி மையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. துறைத்தலைவர் கூட்டம் போட்டார். தற்காலிக ஆசிரியர்களுக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது; தற்காலிகம் அந்த நேரத்தில், கூட்டத்தில் இருந்த பேராசிரியர் ஒருவரின் வகுப்பைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

எதை அழிப்பது என்று கேட்டபோது ஒவ்வொருவரும் தன் ஃபோல்டரைக் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டார். "என்னோடது ஆராய்ச்சி." "என்னோடது பாடம்." நீரூற்றைப் பற்றி ஒருவர் மெதுவாக இழுத்தார். "அது சர்வதேச உறவு" என்று தலைவர் முடித்துவைத்தார். பிறகு, "யாருக்குமே வேணாத ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

அந்தத் துறையின் வரலாற்றில் முதல் முறையாக எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். தலைவரே தன் கையால் அழித்தார். கைதட்டல்கூட இருந்ததாகக் கேள்வி.

வகுப்பு முடிந்து வந்த தற்காலிகம் டிரைவைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தார். பிறகு தலைவரின் அறைக்கு ஓடினார்.

"சார், ஆண்டறிக்கை ஃபோல்டர் எங்க சார்?"

"பாத்தீங்களா, டிரைவ் எவ்வளவு விசாலமா ஆயிடுச்சு! அது சரி, அது உங்களுக்கு எதுக்கும்மா? மனுஷன் படிப்பானா அத?"

"அதுக்குள்ளதான் சார் என் தீசிஸ் இருந்துச்சு."

தலைவர் சிரித்தார். தற்காலிகம் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "தீசிஸ போய் யாராவது ஆண்டறிக்கைக்குள்ள வைப்பாங்களா? உங்க சொந்த டிரைவ்ல வைக்க வேண்டியதுதானே?"

"எனக்கு ஏது சார் சொந்த டிரைவ்?"

"ஏன், இல்லையா?" என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்தோடு. அந்தச் சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னவர் அவர்தான்.

கணினி மையத்தின் குளிர்ந்த அறையில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர். "பதறாதீங்க மேடம். பொது டிரைவ அப்பப்ப நகல் எடுத்து வெக்கிறோம். உங்க ஃபோல்டர் பத்திரமா இருக்கு."

"அப்ப குடுங்க!"

"அழிச்சவரே எழுதிக் கேக்கணும். 'தவறுதலாக அழித்துவிட்டேன்'னு எழுதிக் கையெழுத்து போடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது மேல புது நகல் ஏறிடும். அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் முடியாது."

தற்காலிகம் படிவத்தோடு திரும்பி வந்தார். தலைவர் அதைப் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"தவறுதலாகவா? நான் எதையும் தவறுதலா அழிச்சதில்லம்மா. திட்டம் போட்டுத்தான் அழிச்சேன்."

"அப்ப 'திட்டமிட்டு அழித்தேன்'னு எழுதுங்க சார்."

"அது இன்னும் மோசம்மா." பிறகு குரலைத் தணித்து, "எல்லாம் நேரம். உங்களுக்கு இப்ப நேரம் சரியில்ல, அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னார்.

பேனா அவர் கையில் இருந்தது. கிரகங்களின் கையில் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, பல் வலிக்கு விடுப்பில் போயிருந்த அலுவலக எழுத்தர் அக்கா வீங்கிய கன்னத்தோடு வேலைக்கு வந்தார். தற்காலிகம் அழாத குறையாக நடந்ததைச் சொன்னார். அக்கா கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆண்டறிக்கை ஃபோல்டரயா? அய்யய்யோ! அதுலதானே மேடம் சாரோட நீரூற்று இருக்கு!"

"என்னக்கா சொல்றீங்க?"

"துறையச் சோதிக்க ஆய்வுக் குழு வந்தப்ப, 'என் போட்டோவயெல்லாம் யார் கண்ணுலயும் படாத எடத்துல வை'ன்னார். யார் கண்ணுலயும் படாத எடம் இங்க வேற எது இருக்கு? அதுலயும் அடியில, ஒரு பழைய வருஷத்துக்குள்ள வெச்சேன்."

தற்காலிகம் அன்றைக்குத்தான் சிரித்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு, நிதானமாக நடந்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

"மறுபடியும் அதேவா? நான்தான் சொன்னேனே..."

"என் தீசிஸ் கெடக்கட்டும் சார். அந்த ஃபோல்டர்ல உங்க நீரூற்றும் இருந்துச்சாம். அக்கா சொன்னாங்க."

தலைவர் எழுந்து நின்றார். "நீரூற்றா?"

"நீரூற்றுதான் சார்."

"எல்லா சட்டையுமா?"

"எல்லா சட்டையும் சார்."

அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அவருடைய மனைவி காலையில்கூடக் கேட்டிருந்தார். தலைவர் படிவத்தைப் பறித்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல், கணினி மையத்துக்குப் படியேறினார். 'தவறுதலாக' என்ற சொல்லை அவரே எழுதி, அடிக்கோடும் போட்டாராம். சாயங்காலத்துக்கு வெகு முன்பே ஆண்டறிக்கைகள், நீரூற்று, நடைபாதை வியாபாரிகள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். டிரைவும் பழையபடி நிரம்பி, பழையபடி எச்சரிக்கையும் வந்தது.

இதில் யாரும் கொடியவர் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஒரு பெண்ணின் பல வருட உழைப்புக்கு அசையாத பேனா, ஒரு சட்டைக்காக மாடி ஏறி ஓடியது. நீரூற்று இல்லாமல் போயிருந்தால்?

அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுத்தர் அக்கா தன் சொந்த டிரைவில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். "இங்க வைங்க மேடம். 'ஆய்வேடு'ன்னே பேர் வைங்க. எவன் தொடறான்னு நான் பாக்குறேன்." மாதம் முடிவதற்குள் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது, சில மாதங்களில் பட்டமும் வந்தது. துறையின் சிறந்த சேமிப்பக வசதிகளால்தான் இந்தச் சாதனை சாத்தியமானது என்று அந்த வருட ஆண்டறிக்கையில் எழுதினார்கள். நல்லவேளை, அதை யாரும் படிக்கவில்லை.

அவர் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். துறையில் இப்போது மரியாதையாக 'முனைவர் தற்காலிகம்' என்று கூப்பிடுகிறார்கள். போன விடுமுறையில் அவருடைய கணக்கு வழக்கம்போல் செத்து, வழக்கம்போல் பிறந்தது.

நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போனதும், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தற்காலிகத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க வேலையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?" அவர் பதில் சொல்லத் தயங்கினால், அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் பெயரில் ஓர் இடம் கொடுக்கச் சொல்லி உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள். கிடைக்கும்வரை கேளுங்கள். அதுவரைக்கும், பொது டிரைவில் ஆண்டறிக்கை என்று எதைப் பார்த்தாலும் தயவுசெய்து திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள்.