சூடம் அடித்துச் சொன்ன வாட்ச்

தம்பிமேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன் என்று சேக்காட்டில் துலுக்கானத்துக்குப் பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது எல்லையம்மனுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்கு. விடிகாலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, எல்லையம்மன் கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆவடி ஸ்டேஷனுக்கு நடப்பார். பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒருத்தரை எடுத்தெறிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்படிப்பட்டவர் வயிற்றில் பல வருஷமாக ஒரு கல் கிடந்தது.

அவருடைய அப்பா அய்யாசாமி, யுத்த காலத்தில் ஆவடி மிலிட்டரி கேம்பில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சமையல்காரராக இருந்தவர். துரை விஷக் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சியும் மிளகு ரசமும் வைத்துக் கொடுத்துத் தேற்றினாராம். கப்பல் ஏறப் போகிற அன்றைக்குத் துரை தன் கையில் இருந்த வாட்சைக் கழற்றி இவர் கையில் கட்டிவிட்டுப் போனாராம். துருவே பிடிக்காத வெள்ளை இரும்பில் வட்டமான வாட்ச், தங்க நிறத்தில் முள். ஒமேகா. அந்தப் பெயரைச் சொல்லும்போதே அய்யாசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

"சுவிசு நாட்டு சரக்குடா. இத வித்தா ஒரு ஊடே வாங்கலாம்" என்பார்.

ஆனால் அதே அய்யாசாமிதான் கவர்னரோடு கைகுலுக்கியதாகவும், செங்குன்றம் ஏரியில் முதலையைக் கையால் பிடித்ததாகவும் சொல்வார். அவர் பேச்சில் எது நிஜம், எது கதை என்று கட்டிய பெண்டாட்டிக்கே தெரிந்ததில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் அய்யாசாமி கண்ணை மூடினார். அவர் விட்டுப்போனது இரண்டே பொருள். ஏரிக்கரை ஓரம் ஒரு துண்டு நிலம், அப்புறம் அந்த வாட்ச். பிள்ளைகளும் இரண்டு பேர். மூத்தவர் துலுக்கானம், இளையவன் வேம்புலி. நிலமோ உப்பு பூத்த மண், கருவேல முள்ளைத் தவிர வேறொன்றும் முளைக்காது. ஊர்க்காரர்கள் எல்லையம்மன் கோயிலில் கூடி, ஒருத்தருக்கு நிலம், ஒருத்தருக்கு வாட்ச், இளையவன் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். வேம்புலியின் கண் வாட்சின்மேலேயே இருந்தது.

"அண்ணாத்தே, அது அசலுதானா? நைனா கத உடுற ஆளாச்சே!"

கூட்டம் சிரித்தது. ஊர்ப் பெரியதனக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "மூத்தவன் சூடம் அடிச்சு சொல்லட்டும். அதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார்.

அம்மனுக்கு எதிரே கல்லில் சூடம் ஏற்றினார்கள். துலுக்கானம் எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை அடித்து, "வாட்சு அசலு. பொய்யின்னா என் புள்ள தலையில விடியட்டும்" என்றார். அப்போது மகள் பூங்காவனம் கைக்குழந்தை. அப்பா சொன்னதை நம்பித்தான் அவர் அடித்தார். ஆனால் கை தீயில் பட்ட அந்தக் கணத்தில் கவர்னரும் முதலையும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தன. அதற்குள் சூடம் அணைந்துவிட்டது. சொன்ன சொல்லை இனி எடுக்க முடியாது.

நல்ல பொருளைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு முள்ளுக் காட்டை வாங்கிக்கொண்டார் என்று ஊரே அவரை மெச்சியது.

அப்புறம்தான் காலம் மாறியது. ஆவடிப் பக்கம் பெரிய பேக்டரி வந்தது, அம்பத்தூரில் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது. யாரும் சீண்டாத உப்பு மண்ணுக்கு மவுசு வந்தது. துலுக்கானம் முள்ளை வெட்டி, ஓட்டு வீடு கட்டி, கிணறும் தோண்டினார். வேம்புலி குமணன்சாவடியில் லாரி ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு, பெண்டாட்டி கன்னியம்மாவோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தான். மூட்டை தூக்குகிறவன் கையில் வாட்ச் கட்ட முடியுமா? அது மஞ்சள் துணிக்குள் தகரப் பெட்டியில் இருந்தது.

ஒருநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி ஜேம்சிடம் துலுக்கானம் அப்பாவின் வாட்சைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். ஜேம்ஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"தொர குடுத்த வாட்சா? மூர் மார்க்கெட்டுக்கு வா நைனா. தொர குடுத்த வாட்ச கூடையில கொட்டி விக்கிறான். மேல ஒமேகா, உள்ள ஓமப்பொடி!"

எல்லாரும் சிரித்தார்கள். துலுக்கானம் சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டார். அன்றிலிருந்து பூங்காவனத்துக்கு ஒரு சளி பிடித்தாலும் அவருக்கு உள்ளங்கை சுடும்.

வேம்புலி வந்து, "அண்ணாத்தே, வாட்சு நின்னு நின்னு ஓடுது. பூந்தமல்லியில ஒரு கடையில குடுத்துத் தொறந்து பாக்கட்டா?" என்று கேட்டபோது, துலுக்கானத்தின் வாய் தானாகப் பேசியது.

"ஐயோ, கடையில குடுக்காதடா! மெஷின உருவிக்கினு வேற ஒண்ண வெச்சுடுவானுங்க. அப்பன் பொருளு. சாமி பக்கத்துல வெச்சுக் கும்புடு."

வேம்புலி அப்படியே செய்தான். அண்ணன் சொல்லைத் தட்டினவன் இல்லை அவன்.

இன்னொரு சமயம், கன்னியம்மாவின் பிரசவத்துக்கு வாட்சை அடகு வைக்கப் போனான். சேட்டு பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னாராம். இதைக் கேள்விப்பட்டதும் துலுக்கானம் கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினார். பிரசவச் செலவுக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்து, மூடியைத் திறப்பதற்குள் வாட்சைத் திருப்பிக்கொண்டு வரச் செய்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணனா!" என்று கன்னியம்மாவின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துலுக்கானம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயத்தில் செய்ததெல்லாம் பாசமாகத் தெரிந்தது ஊருக்கு. அதை எந்த வாயால் மறுப்பது?

மனைவி கெங்கம்மாளிடம் மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"போலியின்னு ஆச்சுன்னா பாதி மண்ண குடுக்கணும். சத்தியமும் பொய்யாப் பூடும். தொறக்காத வரைக்கும் ஒரு வம்பும் இல்ல. நீ ஏன்யா போய் நோண்டுற?"

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துலுக்கானம் குமணன்சாவடிக்குப் போவார். கன்னியம்மா வாட்சைப் பலகையில் வைத்து, சந்தனம் தடவிக் குங்குமம் இட்டிருப்பாள். துலுக்கானம் எல்லையம்மன் கோயில் தீர்த்தத்தை ஒரு சின்னச் சொம்பில் கொண்டுபோவார். அதை வேப்பிலையால் தொட்டு வாட்சின்மேல் தெளிப்பார். தெளிக்கும்போது உதடு அசையாமல் வேண்டிக்கொள்வார். தாயே, இது எதுவாக இருந்தாலும் அசலாக மாற்றிவிடு. என் குழந்தையைக் காப்பாற்று. ஒரு தெளி போதாதென்று இன்னும் இரண்டு தெளி தெளிப்பார். வாட்ச் எப்போதோ ஓடுவதை நிறுத்தியிருந்தது. சாமிப் பொருள் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

எழுபத்து நாலில் வேம்புலி இருந்த அறையை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மஞ்சள் துணி மூட்டையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான். வெள்ளானூர் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறானாம். வாட்சை விற்று அதை முடித்துவிட வேண்டுமாம்.

"கடைக்காரனுங்க மெஷின..." என்று துலுக்கானம் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் விசாரிச்சுட்டேன். அம்பத்தூர் ஓ.டி.யில ஜெயராமன்னு ஒருத்தரு கீறாரு. மவுண்ட் ரோடுல பெரிய கடையில இருந்தவரு. நம்ம கண்ணு முன்னாடியேதான் தொறப்பாரு. நீயும் வா அண்ணாத்தே. சூடம் அடிச்சவன் நீதானே!"

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். துலுக்கானத்துக்கு ஒளிய ஒரு சந்துகூட மிச்சமில்லை. கெங்கம்மாள் கதவோரம் நின்று கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள். பின்பக்கம் இன்னொரு அறை கட்டுவதற்காக இறக்கிய செங்கல் அடுக்கின்மேல் பூங்காவனம் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே அவர் சட்டையை மாட்டினார்.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பெட்டிக்கடை அளவுதான் ஜெயராமன் கடை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாட்சை வாங்கித் திருப்பினார். கத்தியின் நுனியைப் பின்மூடியில் வைத்தார். துலுக்கானத்துக்கு, பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஓடி எங்கே போவது? ஏரிக்கரை வீட்டுக்குத்தானே?

மூடி கழன்றது. ஜெயராமன் அதைத் தட்டினார். வெள்ளைக் காகிதத்தில் சிவப்பாகப் பொடி உதிர்ந்தது.

"இன்னாபா இது? வாட்சுக்குள்ள குங்குமம் கீது?"

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"அசலா சார்?" என்றான் வேம்புலி.

"அசலுதான். மூடியில முத்திரை கீது, மெஷின்ல பேரு கீது, நம்பரு கீது. இந்த செம்பு நெறம் டூப்ளிகேட்டுல வராது. நல்ல ஜாதி வாட்சு."

துலுக்கானம் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். தாயே, எல்லையம்மா! என் குழந்தை பிழைத்தாள்! என் வாக்கு நின்றது!

"ஆனா செத்துப் போச்சு" என்றார் ஜெயராமன்.

"இன்னா சார்?"

"தண்ணி பூந்து பூந்து உள்ளாற பூரா துரு. சக்கரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இதுக்கு சாமான் சீமையிலருந்து வரணும். இப்ப கவர்மென்ட்டு எங்க உடுது? அஞ்சாறு வருசம் முந்தி, ஒரு சொட்டு எண்ணெய் போட்டிருந்தா குதிர மாதிரி ஓடியிருக்கும். நல்ல வெல போயிருக்கும். இப்ப பழைய இரும்புக்காரன்கூட வாங்க மாட்டான்." அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். "வாட்சுக்குப் போய் எவன்யா அபிசேகம் பண்ணான்?"

துலுக்கானம் வாயைத் திறந்தார். அதற்குள் வேம்புலி சொல்லிவிட்டான். "நான்தான் சார். தெரியாத்தனம்."

அண்ணன் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ஆவடி பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். வேம்புலி மஞ்சள் துணியைப் பிரித்து, முதல் தடவையாக வாட்சைக் கையில் கட்டிக்கொண்டான். மூட்டை தூக்கிக் காய்த்த கைக்கு அந்தப் பழைய பட்டை எட்டவில்லை. கயிறு போட்டு முடிந்தான்.

பின்சீட்டு ஆள் எட்டிப் பார்த்து, "மணி இன்னா நைனா?" என்றான்.

"இது மணி சொல்லாது மாமே. சாமி வாட்சு" என்றான் வேம்புலி. பிறகு அண்ணன் பக்கம் சாய்ந்து மெதுவாக, "ஆனா நம்ம நைனா பொய் சொல்லல பாத்தியா? முதலையும் நெசமாத்தான் இருக்கும்போல" என்று சிரித்தான். சிரித்த கண்ணில் தண்ணீர் நின்றது. வெள்ளானூர் மனையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

துலுக்கானம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷமாக எதற்குப் பயந்தாரோ அது நடக்கவில்லை. அம்மன் அவர் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். அப்படியிருந்தும் வயிற்றில் கிடந்த கல் கரையவில்லை. சத்தியம் பொய்யாகியிருந்தால் தம்பி காலில் விழுந்து பாதி மண்ணைக் கொடுத்துவிட்டுத் தீர்ந்திருப்பார். இப்போது கேட்பதற்கே யாருமில்லை. கேட்க வேண்டியவன் பழியையும் தானே வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான்.

ஸ்டாப்பில் இறங்கியதும் அவர் நின்றுவிட்டார்.

"வேம்புலி, கடைக்காரன் திருடுவான்னு நான் உன்னத் தடுக்கலடா. போலியா இருக்கும்னு பயந்துகினு தடுத்தேன். தண்ணி தெளிச்சதும் அந்த பயத்துலதான்."

வேம்புலி கையில் கட்டிய கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றான். "உடு அண்ணாத்தே, வெயில் ஏறுது" என்று மட்டும் சொன்னான்.

வீட்டுப் படலுக்கு வெளியிலேயே கெங்கம்மாள் காத்திருந்தாள். "இன்னாயா? அசலா, போலியா?"

"அசலுதான்."

அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். "அப்பாடி! எங்கம்மா காப்பாத்திட்டா!"

"கெங்கம்மா, கெணத்துக்கு அந்தாண்ட பக்கம் தம்பிக்கு. அந்தச் செங்கல்லும் அவனுக்குத்தான். ஊடு கட்டிக்கட்டும்."

"இன்னாது? அசலுன்னு இப்பதானே சொன்ன!"

"அசலு. அதாலதான்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நின்று பார்த்தாள், முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கும் அதற்கப்புறம் பல நாளும் அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேம்புலி படலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "கன்னியம்மாவக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பூங்காவனம் ஓடிவந்து கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் கோழி கூவும்போதே துலுக்கானம் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நான்கு மூலையிலும் முளையடித்துக் கயிறு கட்டிவிட்டார். பிறகு குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். பூசாரி தீர்த்தச் சொம்பை நீட்டினார். துலுக்கானம் சூடம் அடித்த கையின்கீழ் மறு கையைக் கொடுத்து ஏந்தினார். தலையில் தெளித்துக்கொள்ளவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துவிட்டு, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.