வெட்டாத காட்டுக்குக் காசில்லை

உலகம் சூடாகிறதாம். புகை கக்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் புகையைக் குறைக்க மாட்டார்களாம். அதற்குப் பதிலாக, எங்கேயோ நிற்கிற காட்டுக்குக் காசு கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொள்வார்களாம். நாடு நாடாக மாநாடு போட்டு, விருந்து தின்று, இந்த வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளங்கிரும்!

அந்தக் காசு என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்கும் வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. பேரையூர்ப் பக்கம், வானம் பார்த்த பூமி. ஊருக்கு மேற்கே அய்யனார் காடு. சுற்றிலும் பொட்டலாகக் கிடக்க, அங்கே மட்டும் உசிலையும் வெப்பாலையும் அடர்ந்து நிற்கும். விழுந்த சுள்ளியைக்கூட யாரும் அடுப்புக்கு எடுக்க மாட்டார்கள். அக்கா புருஷன்தான் கோயில் பூசாரி. காசு வந்தால் கண்மாயைத் தூர்வாரலாம் என்று ஊரே அவரை நச்சரித்தது. அவருக்கும் கண்மாய் ஆசை உண்டு. ஆனால் காட்டில் ஒரு கொப்பு குறையக் கூடாது.

மதுரை ஏர்போர்ட்டில் வந்து இறங்கிய கம்பெனி அதிகாரியை நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்கவும் நான்தான். காட்டு எல்லையில் மச்சான் ஷூவைக் கழற்றச் சொன்னதும் அவர் மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சுடுமணலில் தத்தித் தத்தி நடந்து, மரங்களை அண்ணாந்து பார்த்து, “அருமை, அருமை” என்றார். பிறகு கேட்டார்: “நாங்கள் காசு தராவிட்டால் இதை எப்போது வெட்டுவீர்கள்?”

நான் தமிழில் சொன்னதும் மச்சான் முழித்தார். “சாமி காட்ட எவன் சார் வெட்டுவான்? வெட்டுன கை வெளங்குமா?”

அதிகாரிக்கு முகம் தொங்கிவிட்டது. விதி அப்படியாம். அழியப்போகிற காட்டைக் காப்பாற்றினால்தான் காசு. தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பொத்தி வளர்த்தவனுக்குப் பட்டை நாமம், அரிவாளை ஓங்கி நிற்பவனுக்கு வெகுமதி. இதை யோசிக்க எத்தனை படித்த மூளைகள் கசங்கினவோ, தெரியவில்லை.

அவர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “வெட்டி விற்க இருந்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்.” அதையும் சொல்லித் தொலைத்தேன். கூட வந்திருந்த ஊர்க்காரர்கள் சிலர், “சொல்லிப்புடுங்கண்ணே, ஒத்த வார்த்ததான” என்று மச்சானை நெருக்கினார்கள்.

“அய்யனார வச்சுக்கிட்டு நான் பொய் சொல்லணுமா? போங்கடா அங்கிட்டு!”

அதிகாரி ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பும்போது ஏசியைக் கூட்டச் சொன்னதோடு சரி. மச்சானை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஆளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடலாமா என்றும் இருந்தது.

அடுத்த மாதம் மச்சான் போன் செய்து உடனே வரச் சொன்னார். போனேன். காட்டின் ஓரத்தில் உசிலை மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. வெட்டியது வெளியாள் இல்லை. அன்றைக்கு அவரை நெருக்கிய அதே ஆட்கள்தான். வெட்டிக் காட்டினால் கம்பெனி திரும்பி வருமாம். மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மரத்தின் அருகே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“அந்தாளுக்குப் போனப் போடு மாப்ள. காட்டுக்கு ஆபத்துதான்னு சொல்றேன். இப்பச் சொன்னா பொய் இல்லைல்ல.”